உமிச் சாம்பல் தென்னையில் விழுகிறது: துகளோட்ட ஆய்வாளரிடம் சில கேள்விகள்

கரிமண் (இழையைத் தொடங்கியவர்)

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் எனக்கொரு தென்னந்தோப்பு. அதற்குக் கிழக்கே அரைக் கிலோமீட்டரில் புழுங்கலரிசி மில். உமி எரிக்கும் பாய்லர். மார்கழி பிறந்தால் போதும், ஓலையெல்லாம் கறுப்புப் பொடி. கொடியில் காயும் வேட்டி மாலைக்குள் கரிக்கோடு போட்டுக்கொள்கிறது. கள் இறக்குகிறவர் கலயத்தில் சாம்பல் விழுகிறது என்று முகம் சுளிக்கிறார். மில்லில் கேட்டால் "சைக்ளோன் போட்டிருக்கிறோம், அதற்கு மேல் என்ன செய்வது?" என்கிறார்கள். புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் கூம்புப் பெட்டியாம் அது.

இங்கே 'துகளோட்டம்' என்ற பெயரில் எழுதும் தம்பி வடகரப்பதிக்காரர். காற்றில் துகள் எப்படிப் போகும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டேன். தம்பி, அந்த மில்லை உங்கள் கணினிக்குள் போட்டுப் பார்க்க முடியுமா?

கணவாய்க்காற்று

மார்கழி என்று சொன்னதுமே பாதி விளங்கிவிட்டது. நான் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது இந்தப் பாலக்காட்டுக் கணவாய். ஆனி முதல் ஆவணி வரை காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாயும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. கார்த்திகை கழிந்தால் திசை தலைகீழ். கிழக்கிலிருந்து வறண்ட காற்று திருச்சூர் வரைக்கும் வீசும். ஆகவே ஆடியில் மில்லுக்குக் கிழக்கே இருப்பவருடைய வேட்டி கறுக்கும். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், புகாருக்கு ஆள் கூடும்.

துகளோட்டம்

கரிமண் அண்ணா, கணினியில் போடலாம். ஆனால் அதற்கு முன்பு ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஓலையில் விழுந்ததை வெள்ளைக் காகிதத்தில் தட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் செதில்களா, தேய்த்தால் மட்டும் கறை பிடிக்கும் மாவா? இதற்குப் பதில் தெரியாமல் நான் எதைக் கணக்கிட்டாலும் அது வீண்.

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீரோ காற்றோ ஓடும்போது அதோடு போகிற மணல், சாம்பல், தானியம், நீர்த்துளி எல்லாம் எந்த வழியில் போகின்றன, எங்கே படிகின்றன, ஓட்டத்தை அவை எவ்வளவு மாற்றுகின்றன என்று பார்ப்பது. ஓட்டத்துக்கான சமன்பாடுகள் பழையவை. நேவியர் 1822-இல் எழுதினார். ஸ்டோக்ஸ் 1845-இல் இன்று நாம் கையாளும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் சீரான தீர்வு உண்டா என்று நிறுவுகிறவருக்கு 2000-ஆம் ஆண்டில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார்கள். இன்னும் யாரும் வாங்கவில்லை. அதற்காகப் பொறியாளர்கள் காத்திருக்க முடியுமா? இடத்தைச் சிறுசிறு அறைகளாக வெட்டி, ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு நிறை உள்ளே வந்தது, எவ்வளவு உந்தம் வெளியே போனது என்று வரவு செலவு எழுதுகிறோம். அந்த வரவு செலவில் அழுத்தத்தையும் வேகத்தையும் ஒன்றோடொன்று பொருத்துவதற்கு 1972-இல் ஒரு வழி சொன்னவர்களில் ஒருவர் புனேயில் பிறந்த சுகாஸ் பட்டங்கர். மற்றவர் லண்டனில் அவருக்கு ஆசிரியராக இருந்த பிரையன் ஸ்பால்டிங். இன்று விற்கிற மென்பொருள்கள் பலவற்றில் அந்த வழியோ அதன் வாரிசோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

மேகக்கணினி

பெங்களூரிலிருந்து ஒரு சந்தேகம். மென்பொருள் இருக்கிறது, சமன்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் படம் வரைந்து பொத்தானை அழுத்துகிறீர்கள். சிவப்பும் நீலமுமாக ஒரு படம் வருகிறது. இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? கோபம் வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

துகளோட்டம்

கோபம் இல்லை. என் உறவினர்கள் இதைவிடக் கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு கிராம் சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். துகள் ஒவ்வொன்றும் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள உருண்டை, அடர்த்தி நீரைப் போல இரு மடங்கு என்று வைத்தால் அந்த ஒரு கிராமில் ஏறத்தாழ 95 கோடித் துகள்கள் இருக்கும். பாய்லரோ மணிக்குக் கிலோக் கணக்கில் சாம்பல் தள்ளுகிறது. எந்தக் கணினியில் ஒவ்வொன்றையும் பின்தொடர்வீர்கள்? முடியாது. ஆகவே ஒரு கணக்குத் துகள் லட்சம் நிஜத் துகள்களுக்குப் பதிலாக நிற்கும். யாருக்குப் பதிலாக யார் நிற்கலாம், எதைக் கூட்டிச் சேர்க்கலாம், எதைச் சேர்த்தால் விடை கெட்டுப்போகும் என்ற தீர்மானம் பொத்தானில் கிடையாது.

அடுத்தது, துகள்கள் காற்றைத் தொந்தரவு செய்கின்றனவா என்ற கேள்வி. மொத்தக் கன அளவில் துகள் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் காற்று துகளை இழுக்கும், துகளால் காற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் துகளும் காற்றை இழுப்பதைச் சேர்க்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் துகள்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வதையும் சேர்க்க வேண்டும். எல்கோபாஷி என்பவர் 1994-இல் இதை ஒரு வரைபடமாகவே போட்டுக்கொடுத்தார். சைக்ளோனில் சங்கடம் என்னவென்றால், நுழைவாயில் முதல் வகையின் ஓரத்தில் இருக்கும் அதே சாம்பல், சுவரோரம் திரிகளாகத் திரண்டு மூன்றாம் வகைக்குப் போய்விடும். ஒரே பெட்டிக்குள் மூன்று விதமான கணக்கு.

கொந்தளிப்பு இன்னொரு கண்ணி. தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பயன்படுத்தும் எளிய மாதிரி, கொந்தளிப்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் கலக்கிறது என்று கொள்கிறது. குழாய்க்கும் கால்வாய்க்கும் அது போதும். சைக்ளோனுக்குள் காற்று கடுமையாகச் சுழல்கிறது. அங்கே அந்த மாதிரி சுழற்சியின் வடிவத்தையே தப்பாகக் காட்டும். படம் என்னவோ அழகாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. நீங்கள் சொன்ன பொத்தான் முதலில் தருவது பெரும்பாலும் அந்தப் படத்தைத்தான்.

ஓய்வு மாஷ்

தமிழ்வழிப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மேகக்கணினி தம்பிக்கு ஒரு பழைய கதை. லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910-ஆம் ஆண்டில் கடந்துபோன ஒரு நாளின் வானிலையைச் சமன்பாட்டை வைத்துக் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். ஆறு மணி நேர மாற்றத்தைக் கணக்கிட ஆறு வாரம். வந்த விடை, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்பது. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை எனலாம். 1922-இல் அதை மறைக்காமல் புத்தகமாகவே போட்டார். அவருடைய முறையில் பெரிய கோளாறு இல்லை. தொடக்கத்தில் கொடுத்த அளவீடுகள் ஒன்றுக்கொன்று இசையாமல் இருந்தன. அவற்றைச் சீராக்கிக் கொடுத்தால் அதே முறை நியாயமான விடை தருகிறது என்று பிற்காலத்தில் காட்டிவிட்டார்கள்.

ஆகவே துகளோட்டம் தம்பி முதலில் பூதக்கண்ணாடியைக் கேட்டது சரியான கேள்வி.

கரிமண்

பார்த்துவிட்டேன். செதில்தான். சில செதில்களில் உமியின் வரிகூட அப்படியே இருக்கிறது. பேரன் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, பெரியது கால் மில்லிமீட்டர் இருக்கும், சிறியது புள்ளி புள்ளியாக இருக்கிறது என்கிறான்.

ஓய்வு மாஷ்

அருமை. பதினொன்றாம் வகுப்புக் கணக்கே போதும். ஸ்டோக்ஸ் விதிப்படி, சிறு உருண்டையின் முற்றுத் திசைவேகம் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். புகைபோக்கி 20 மீட்டர், காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

5 மைக்ரான் துகள், அடர்த்தி நீரைப் போல இரு மடங்கு: விநாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இறங்கும். தரையைத் தொட மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அது பாலக்காட்டையே தாண்டிப் போயிருக்கும். கரிமண் அவர்களின் வேட்டிக்கு அது வராது.

100 மைக்ரான் செதில், உள்ளே துளைகள் நிறைந்தது என்பதால் அடர்த்தி நீரில் பாதி: விநாடிக்கு ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் இறங்கும். இரண்டரை நிமிடத்தில் தரை. அதற்குள் முக்கால் கிலோமீட்டர் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் பெரியது என்றால் அரைக் கிலோமீட்டர். தோப்பு இருப்பது எவ்வளவு தூரத்தில் என்று முதல் பதிவில் பாருங்கள்.

துகளோட்டம்

மாஷ், என் வேலையைப் பாதி முடித்துவிட்டீர்கள். ஒரு சின்னத் திருத்தம்: செதில் உருண்டையைப் போல நேராக இறங்காது, தட்டையாகப் படுத்து ஆடி ஆடி இறங்கும். ஆகவே அதே தூரத்தில் விழும் செதில், கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கும். கரிமண் அண்ணாவின் பேரன் சொன்ன கால் மில்லிமீட்டருக்கும் இது பொருந்துகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பஸ் வளைவில் திரும்பும்போது நிற்பவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவதைப் போலத்தான் சைக்ளோனுக்குள் துகள் சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது. 40 சென்டிமீட்டர் ஆரத்தில் விநாடிக்கு 15 மீட்டர் வேகம் என்றால் அந்தத் தள்ளல் புவியீர்ப்பைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல். பாகுநிலை, நுழைவாயின் அகலம், வேகம், எத்தனை சுற்று என்பவற்றை வைத்து, பாதித் துகள்கள் மாட்டிப் பாதி தப்பும் எல்லை எது என்று ஒரு காகிதத்திலேயே கணக்கிடலாம். நுழைவாய் 20 சென்டிமீட்டர் அகலம், ஐந்து சுற்று, 150 டிகிரி சூட்டுக்காற்று என்று போட்டால் எல்லை 7 மைக்ரானுக்குச் சற்றுக் கீழே வருகிறது. உங்கள் மில்லின் அளவுகள் வேறாக இருக்கலாம். ஆனால் 100 மைக்ரான் செதில் ஒழுங்காக ஓடும் எந்தச் சைக்ளோனையும் தாண்டி வரக்கூடாது.

வருகிறது. ஆகவே சைக்ளோன் இருக்கிறது என்று மில் சொல்வதும் உண்மை, ஓலை கறுப்பதும் உண்மை. சைக்ளோன் வேலை செய்யவில்லை என்பதுதான் இரண்டையும் சேர்த்து வைக்கும் விளக்கம். இதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவைப்படவில்லை.

நெல்மூட்டை

இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். நான் ஒரு மில்லில் மேற்பார்வை பார்ப்பவன்; எந்த மில் என்று கேட்காதீர்கள். எங்கள் பக்க நியாயத்தையும் கேளுங்கள். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். விறகோ நிலக்கரியோ வாங்கினால் அரிசி விலை எங்கே நிற்கும்? சாம்பல் வரத்தான் செய்யும். முதலாளி பெரிய ஐ.டி. ஃபேன் (புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி) போடலாம் என்று யோசிக்கிறார். இழுவை கூடினால் சைக்ளோன் நன்றாகச் சுழலும் அல்லவா?

வெல்டிங்பட்டறை

ஃபேனுக்குப் பணம் கொடுக்கும் முன் சைக்ளோனின் அடியைப் பாருங்கள். கஞ்சிக்கோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன், சைக்ளோன் அடிப்பதுதான் தொழில். கீழே சாம்பல் கொட்டும் ரோட்டரி வால்வில் ரப்பர் தேய்ந்திருக்கும். அல்லது சாம்பல் அடைத்துக்கொள்கிறது என்று யாராவது வால்வைக் கழற்றிவிட்டுக் கோணிப்பையைக் கட்டியிருப்பார்கள். பத்து மில்லுக்குப் போனால் பாதியில் கோணிப்பைதான்.

நெல்மூட்டை

கோணிப்பை இல்லை. வால்வு இருக்கிறது.

வெல்டிங்பட்டறை

இருக்கிறது சரி. சுற்றுகிறதா?

துகளோட்டம்

பட்டறைக்காரர் சொல்வதைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் இது என் துறையின் மையத்திலேயே இருக்கிறது.

ஃபேன் சைக்ளோனுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே சைக்ளோனின் உட்புறம் முழுவதும் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். அடியில் சிறு இடுக்கு கிடைத்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். சுவரோரமாகச் சுழன்று இறங்கி வந்த சாம்பல் கூம்பின் அடியில் சேருகிறது; அதே இடத்தில்தான் நடுச்சுழல் திரும்பி மேலே ஏறுகிறது. கீழிருந்து புகுந்த காற்று, பிடித்து வைத்த சாம்பலைக் கிளறி அந்த நடுச்சுழலிடம் ஒப்படைத்துவிடும். அங்கே பெரியது சிறியது என்ற பாகுபாடு கிடையாது. 7 மைக்ரானும் போகும், 200 மைக்ரானும் போகும். ஓலையில் செதில் கிடப்பதற்கு இதைவிட நேரான காரணம் எனக்குத் தோன்றவில்லை. நுழைவாய்க்கு எதிரே உள்ள சுவரில் ஓட்டை விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அது தகட்டை அரத்தால் ராவுவதுபோலத் தின்றுவிடும்.

பெரிய ஃபேன் விஷயம். காற்றின் அளவை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் அழுத்த இழப்பு இருமடியில் ஏறும், மின்சாரம் மும்மடியில் ஏறும். கணக்குப்படி 73 விழுக்காடு கூடுதல் மின்சாரம். பதிலுக்கு அந்த 7 மைக்ரான் எல்லை 6-க்குச் சற்று மேலே இறங்கும், அவ்வளவுதான். தகடு தேய்வதும் வேகமாகும். அடியில் ஓட்டையை வைத்துக்கொண்டு பெரிய ஃபேன் போட்டால் உறிஞ்சல் கூடி, ஓட்டை வழியே வரும் காற்றும் கூடும்.

சோதனை எளிது. பாய்லர் ஓடும்போது ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ரோட்டரி வால்வின் விளிம்பைச் சுற்றிக் காட்டுங்கள். புகை எந்த இடத்தில் உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கே கசிவு. சூட்டில் கையை விட்டுவிடாதீர்கள், நீளமான கம்பியில் கட்டிக்கொள்ளுங்கள்.

நெல்மூட்டை

பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

செவ்விளநீர்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எந்திரவியல் முதுநிலை படிக்கிறேன், வீடு வேலந்தாவளம். துகளோட்டம் அண்ணா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கணினி எதற்கும் தேவையில்லை போலிருக்கிறதே. அப்படியானால் நீங்கள் ஆராய்ச்சியில் என்னதான் செய்கிறீர்கள்? எனக்கும் இதில் சேர ஆசை. கோழிப்பாறையில் 2015-இல் தற்காலிக இடத்தில் ஐஐடி தொடங்கியபோது நாங்கள் பள்ளியிலிருந்து எட்டிப் பார்க்கப் போனோம். அன்றிலிருந்தே ஒரு கண்.

துகளோட்டம்

தங்கச்சி, மில்லின் கோளாறு காகிதத்தில் தீர்ந்தது. ஏனென்றால் அங்கே கேட்ட கேள்விக்கு இருமடி, மும்மடிக் கணக்குப் போதுமாக இருந்தது. போதாத கேள்விகள் நிறைய உண்டு. உங்கள் வீட்டில் பத்தாயம் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

தொட்டியில் நீர் எவ்வளவு உயரமோ அவ்வளவு அழுத்தம் அடியில். நெல் அப்படி இல்லை. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடியில் அழுத்தம் ஏறாது; மிச்ச எடையைச் சுவரின் உராய்வு தாங்கிக்கொள்ளும். யான்சென் 1895-இல் தானியத்தை வைத்தே இதை அளந்தார். கீழே பலகையைத் திறந்தால் நெல் கொட்டும் வேகமும் மேலே எவ்வளவு நெல் இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. திறப்பின் அகலத்தின் இரண்டரை மடியைப் பொறுத்து மாறும் என்று பெவர்லூவும் கூட்டாளிகளும் 1961-இல் விதைகளைக் கொட்டிக் காட்டினார்கள். திறப்பு ஐந்தாறு நெல்மணி அகலத்துக்குக் குறைந்தால் வளைவு கட்டி அடைத்துக்கொள்ளும். எங்கள் பாட்டி பத்தாயத்தைக் குச்சியால் குத்துவார். அந்த அடைப்பு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்றுவரைக்கும் சுலபமாக இல்லை.

இங்கேதான் கணினி நுழைகிறது. ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக வைத்து, தொடும்போது ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகிறது, வழுக்குகிறது என்று கணக்கிடும் முறையை 1979-இல் கண்டாலும் ஸ்ட்ராக்கும் எழுதினார்கள். அவர்கள் மண், பாறை ஆட்கள். இதையும் காற்றோட்டக் கணக்கையும் 1993-இல் சுஜியின் ஜப்பானியக் குழு இணைத்து, அடியிலிருந்து காற்று ஊதும் படுகையில் குமிழி எழுவதைக் கணினியில் காட்டியது. சில ஆயிரம் துகள்கள்தான். இன்று கோடியைத் தாண்டியும் போகிறார்கள். நெல்மணி கடினமானது என்பதால் மோதல் கண நேரத்தில் முடிந்துவிடும். அதைத் தவறவிடாமல் பிடிக்க மைக்ரோ விநாடிப் படிகளில் நகர வேண்டும். ஒரு விநாடி ஓட்டத்துக்குப் பத்து லட்சம் படிகள். அதனால் பலரும் மணியை உள்ளதைவிட மென்மையானதாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு மென்மையாக்கினால் விடை கெடாது என்பது தனி விவாதம், அதில் நண்பர்கள்கூடப் பகையாளிகளாவார்கள்.

என் சொந்த வேலை உமி. உமியை மட்டும் படுகையில் போட்டு ஊதினால் அது கிளம்பாது. நடுவில் வழி விட்டுக்கொண்டு காற்று மட்டும் போய்விடும். ஆகவே மணலோடு கலந்து எரிக்கிறார்கள். துகளைக் காற்று எவ்வளவு இழுக்கும் என்பதற்கு எர்கன் 1952-இலும், வென், யூ இருவரும் 1966-இலும் கொடுத்த வாய்பாடுகளைத்தான் எல்லோரும் எடுத்துப் போடுகிறோம். உமிக்கு அவை பொருந்துவதில்லை. தோணி வடிவத்தில் மெல்லிய தோல், குறுக்கே நிற்கும்போது ஓர் இழுவை, நெடுக்கே நிற்கும்போது வேறொன்று. நீள்வட்டத் துகள் ஓட்டத்தில் எப்படிப் புரளும் என்று ஜெஃப்ரி 1922-இலேயே சமன்பாடு எழுதினார், ஆனால் அது மெதுவான, பிசுபிசுப்பான ஓட்டத்துக்கு. பாய்லர் அப்படிப்பட்ட இடம் அல்ல. கண்ணாடிச் சுவர் வைத்த சிறு படுகையில் உமி புரள்வதைப் படமெடுத்து, அதிலிருந்து இழுவைக்கு ஒரு வாய்பாடு எடுத்து, அதைக் கணக்கில் போட்டு, வேறொரு படுகையில் அது நிற்கிறதா என்று பார்ப்பது: இதுதான் என் ஆராய்ச்சி. ஆராய்ச்சி நேரத்தில் பெரும்பகுதி உமியை அளப்பதிலும் சலிப்பதிலும் போகிறது. சேர விரும்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

கற்க வேண்டுமானால் ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டக் கணக்கு மென்பொருள் இலவசம். ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் அதில் வரும் மாணவர்களுக்கு உதவுகிறது. துகள் ஓட்டத்துக்கென்றே அமெரிக்க அரசின் ஆற்றல் ஆய்வகம் ஒன்று எம்ஃபிக்ஸ் என்ற நிரலை இலவசமாகத் தருகிறது. லினக்ஸ் பழகுங்கள். அதோடு ஒரு நல்ல சல்லடைத் தொகுதி உள்ள ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மேகக்கணினி

வாய்பாடு தேடுவதைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிட்டால்? சமன்பாட்டையே நரம்பு வலைக்குள் புகுத்தும் முறை 2019-லேயே வந்துவிட்டதே.

துகளோட்டம்

வந்துவிட்டது, நாங்களும் பயன்படுத்துகிறோம். உமிக்கு அதைப் பயிற்றுவிக்க அளவீடு வேண்டும். அந்த அளவீட்டை எடுக்கத்தான் சலித்துக்கொண்டிருக்கிறோம். பெங்களூரில் சும்மா இருக்கும் கை இருந்தால் அனுப்பிவையுங்கள்.

கரிமண்

எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. பெரிய செதில் என் ஓலையில் விழுகிறது, சரி. பாலக்காட்டைத் தாண்டிப் போகும் என்று மாஷ் சொன்ன பொடி இருக்கிறதே, அது போகும் வழியில் யாருடைய மூக்கில் போகிறது?

துகளோட்டம்

இந்த இழையிலேயே கனமான கேள்வி இதுதான் அண்ணா. செதில் கண்ணை உறுத்தும், வேட்டியைக் கெடுக்கும். மூக்கும் தொண்டையும் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத பொடி. நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் தர அளவுப்படி, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. 10 மைக்ரானுக்கு உட்பட்டது 100-ஐத் தாண்டக்கூடாது. வால்வைச் சரிசெய்தால் உங்கள் ஓலை பச்சையாகும். ஆனால் 2.5 மைக்ரான் பொடியைச் சைக்ளோன் பெரும்பாலும் பிடிக்காது. அதன் இயல்பே அப்படி. அதற்குத் துணிப்பை வடிகட்டி வேண்டும். விலை கூட, அதோடு உமிப்பொறி பட்டால் பை எரிந்துவிடும் என்பதால் சைக்ளோனை முன்னால் வைத்துப் பொறியைப் பிடித்த பிறகே பைக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, மில்லுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு. உமி மிகுந்த சூட்டில் எரிந்தால் அதிலுள்ள சிலிக்கா படிகமாக மாறும். அந்தப் பொடியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். சாம்பல் வாரும் பெண்களுக்கு முகத்தில் துண்டு போதாது, தகுந்த முகக்கவசம் வேண்டும். சாம்பலை நனைத்து வாரினால் பாதிப் பிரச்சினை குறையும்.

நெல்மூட்டை

ஊதுபத்தி வைத்துப் பார்த்தோம். வால்வு சுற்றுகிறது, ஆனால் இரண்டு பக்கமும் புகை நேராக உள்ளே போகிறது. ரப்பர் போன இடம் தெரியவில்லை. ஃபேன் யோசனையை முதலாளி தள்ளி வைத்திருக்கிறார். துணிப்பை வடிகட்டி பற்றிச் சொன்னேன். விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விட்டார். முகக்கவசம் வாங்கச் சொல்லியிருக்கிறேன், அது என் அதிகாரத்துக்குள் வருகிறது. அடுத்த முறை பாய்லர் நிறுத்தும்போது வால்வை மாற்றுகிறோம்.

துகளோட்டம்

மாற்றும் முன் ஒரு வேண்டுகோள். இப்போது கொட்டும் சாம்பலில் ஒரு டப்பா, கரிமண் அண்ணா தோப்பில் விழுவதில் ஒரு டப்பா, இரண்டும் எனக்கு வேண்டும். தோப்பில் நாலு இடத்தில் எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகக் கிரீஸ் தடவித் திறந்த வெளியில் வையுங்கள். ஓலைக்கு அடியில் வேண்டாம். வால்வு மாற்றிய பிறகும் அதே தட்டு, அதே இடம். முன்பும் பின்பும் அளந்த அளவு எங்கள் துறையில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

கரிமண்

தட்டு வைக்கிறேன். ஆனால் உங்கள் ஆராய்ச்சிக்காக வால்வு மாற்றுவதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடச் சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்.

கணவாய்க்காற்று

தட்டு வைக்கும் நாளின் காற்று வேகமும் திசையும் வேண்டுமானால் கேளுங்கள். இல்லாவிட்டால் காற்று திரும்பியதால் சாம்பல் குறைந்ததா, வால்வால் குறைந்ததா என்று பிறகு சண்டை போடுவீர்கள்.

வெல்டிங்பட்டறை

நெல்மூட்டை அவர்களே, வால்வோடு நிறுத்திவிடாதீர்கள். நுழைவாய்க்கு எதிர்ச்சுவரைச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள்; சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள், அங்கே தகடு மெலிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறேன். சனிக்கிழமை இரவே பாய்லரை அணைத்துவிடுங்கள், சூட்டில் உள்ளே இறங்க மாட்டேன்.